‘மலை’ என்று மட்டும் போட்ட பேனர்

ஒரு காரியத்தைச் செய்யப்போகிறேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டால், அது பாதி முடிந்த மாதிரி என்று நான் நம்பினேன். மீதிப் பாதியை ஊரே பார்த்துக்கொள்ளும் என்றும் நம்பினேன். (சிரிக்காதீர்கள். நாற்பத்தைந்து வயசுக்கு மேல் ஒருத்தனுக்கு இப்படி நம்பிக்கை வந்தால் அதை மதிக்க வேண்டும்.)

செஞ்சியில் பிளக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். பிறந்தநாள், காதுகுத்து, கல்யாணம் என்று எதுவானாலும் பின்னணியில் ராஜகிரிக் கோட்டையை வைத்துவிடுவது எங்கள் கடை வழக்கம். மாப்பிள்ளை பொண்ணுக்குப் பின்னால் கோட்டை. கட்சிக்காரருக்குப் பின்னால் கோட்டை. கண்ணீர் அஞ்சலியில் மட்டும் கோட்டைக்கு மேல் கொஞ்சம் மேகம் சேர்ப்போம். என் கம்ப்யூட்டரில் ராஜகிரி எல்லாக் கோணத்திலும் இருக்கிறது. நான்தான் ராஜகிரியில் எந்தக் கோணத்திலும் இருந்ததில்லை. சித்திரைத் திருவிழாவில் வழியில் இருக்கும் கமலக்கன்னி அம்மன் கோயில் வரைக்கும் போவேன், பொங்கலை வாங்கிச் சாப்பிடுவேன், இறங்கிவிடுவேன். அதற்கு மேல் ஏறுவது வெளியூர்க்காரர்கள் வேலை என்றுதான் நாங்கள் பலபேர் இருந்தோம்.

அப்படி ஏறி இறங்கிய வெளியூர்க்காரர் ஒருவர், கழுத்தில் கேமராவோடு, படங்களை பிரிண்ட் போட என் கடைக்கு வந்தார். உச்சியில் இருந்து எடுத்த ஒரு படத்தில் செஞ்சி மொத்தமும் தீப்பெட்டி தீப்பெட்டியாகத் தெரிந்தது.

“இதுல உங்க கடை எது சார்?” என்று கேட்டார்.

குனிந்து பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். பிறந்து வளர்ந்த ஊர், தினமும் ஷட்டர் தூக்கும் கடை, எதுவும் பிடிபடவில்லை. மானம் போகக்கூடாதே என்று ஒரு இடத்தில் விரலை வைத்தேன்.

டிசைன் போடும் செல்வியக்கா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். என்னைவிட மூத்தவர். நான் முதலாளி என்பதை எப்போதாவதுதான் ஞாபகம் வைத்துக்கொள்வார். “தம்பி, அது செட்டிகுளம். நம்ம கடையில இன்னும் தண்ணி நிக்கல” என்றார்.

அன்றைக்குப் பிடித்தது கிறுக்கு. மேலே இருந்து பார்த்தால் என் கடை எப்படி இருக்கும்? ஷட்டர் தெரியுமா, போர்டு தெரியுமா, வாசலில் நிற்கும் என் வண்டி தெரியுமா? ஏறிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தேனே தவிர, ஞாயிறு மேல் ஞாயிறாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் போனில் அந்த வீடியோ வந்தது. கோட்டு போட்ட ஒருவர், லட்சியத்தை அடையும் வழிகளைப் பற்றிப் பேசினார். நடுவில் வந்த விளம்பரத்தைத் தள்ளுகிறேன் என்று நான் விரலால் இழுத்த இழுப்பில், முதல் உத்தியும் சேர்ந்து போய்விட்டது. போனால் போகிறது, மிச்சம் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். தேதி குறியுங்கள் என்றார். பெரிய வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டுங்கள் என்றார். கண்ணில் படுகிற இடத்தில் எழுதி வையுங்கள் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, நாலு பேரிடம் சொல்லிவிடுங்கள், அப்புறம் நீங்களே நினைத்தாலும் பின்வாங்க முடியாது என்றார்.

நாலு பேரிடம் என்ன, நான் பேனர் அடிக்கிறவன் இல்லையா?

செல்வியக்காவை உட்கார வைத்து வாசகம் சொன்னேன்: ‘தை பிறக்கும் முன் ராஜகிரி மலை ஏறியே தீருவேன்!’ பக்கத்தில் என் போட்டோ. கறுப்புச் சட்டை போட்டு, கை கூப்பி எடுத்தது. (கறுப்புச் சட்டையில் வயிறு கம்மியாகத் தெரியும். கை கூப்பினால் மிச்ச வயிறும் மறையும். இது தொழில் ரகசியம்.)

திரையில் பார்த்தால் என் முகம் எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது.

“மூஞ்சி சின்னதா இருக்குதேக்கா.”

“மூஞ்ச பெருசு பண்ணா எழுத்து அடைக்கும் தம்பி.”

“அப்ப ராஜகிரிய எடுத்துடுங்க.”

அவர் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். “ராஜகிரின்னு போட்டாதான தம்பி வெளங்கும்?”

“அக்கா, ஆளப் பார்த்தாதான் எல்லாமே வெளங்கும். எடுங்க.”

எடுத்தார். முகம் பூசணிக்காய் அளவுக்கு வந்தது. பின்னால் இருந்த கோட்டை என் இரண்டு காதுகளுக்கும் பின்னால் போய் மறைந்தது. ‘தை பிறக்கும் முன் மலை ஏறியே தீருவேன்!’ என்று ஐப்பசிக் கடைசியில் கடை வாசலில் கட்டினேன்.

இப்போது நீங்களே பாருங்கள். ஐப்பசி முடிகிறது. கார்த்திகை பிறக்கப்போகிறது. ஒருத்தன் கறுப்புச் சட்டை போட்டு, கை கூப்பிக்கொண்டு, தைக்குள் மலைக்குப் போகிறேன் என்கிறான். தமிழ்நாட்டில் எந்தப் பச்சைக் குழந்தையாவது இதை வேறு மாதிரி படிக்குமா? எனக்கு மட்டும் அது தோன்றவே இல்லை.

மறுநாள் காலை எதிர்க் கடைக்குப் போய் டீயும் ஒரு வெங்காய பஜ்ஜியும் கேட்டேன். டீ மாஸ்டர் டீ மட்டும் கொடுத்தார்.

“பஜ்ஜி?”

“வெங்காயம் சாமி.”

யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

“இன்னாங்க, மலைக்குப் போறதா பேனர் கட்டிட்டு வெங்காயம் கேக்கிறீங்க? மாலை போட நாலு நாளுதான் இருக்குது. இப்பவே நிறுத்திக்கினா ஒடம்புக்குப் பழகும்” என்றார். அதற்குள் பக்கத்து மளிகைக்கடைக்காரர், பெரிய பக்திமான், வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “கன்னிசாமியா இந்த வருஷம்? ரொம்ப சந்தோஷம்.”

அப்போதுதான் எனக்கு விக்கல் வந்தது. பயம் வந்தால் எனக்கு வியர்க்காது, விக்கும். விக்கலோடு கடைக்கு ஓடி, பேனரைக் கழற்றிவிடலாம் என்று ஸ்டூல் போட்டு ஏறினேன். ஒரு கயிற்றை அவிழ்த்திருப்பேன். வீட்டில் இருந்து போன்.

“உடனே வீட்டுக்கு வாங்க” என்றாள் என் மனைவி தனம். குரல் ஒரு மாதிரி இருந்தது. “அண்ணன் வந்திருக்குது.”

இந்த இடத்தில் என் மச்சானைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தனத்துக்கு ஒரே அண்ணன். பெயர் ஏழுமலை. மேல்மலையனூர் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைப்பவர். வருஷா வருஷம் சபரிமலைக்கு ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும் குருசாமியும் அவர்தான். நாங்கள் புது வீடு கட்டிக் குடிபோனபோது நான் அடித்த பேனரில், சொந்தக்காரர்கள் போட்டோ வரிசையில், கடைசியாக மச்சானை வைத்திருந்தேன். ஓரத்தில் இடம் போதாமல் அவருடைய ஒரு காதும் பாதி மீசையும் மட்டும்தான் அச்சில் வந்தன. தாய்வீட்டுச் சீரோடு வந்தவர் வாசலிலேயே நின்று பேனரை அண்ணாந்து பார்த்தார். “நான் உங்களுக்குப் பாதி ஆளா?” என்று கேட்டார். தாம்பாளத்தை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனவர்தான். அதற்கப்புறம் தங்கச்சி போன் செய்தாலும் எடுப்பதில்லை. புது வீட்டை அவர் உள்ளே வந்து பார்த்ததே இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் தனம் அண்ணனுக்கு ஒரு வேட்டி வாங்கி, யாரும் வந்து வாங்காமல், பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் போனபோது அந்த மச்சான் எங்கள் ஹாலில் உட்கார்ந்து வெள்ளி டம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தனம் சுவரோரமாக நின்று, அவர் தண்ணீர் குடிப்பதை ஏதோ சாமி ஊர்வலம் போவதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வா மாப்ள” என்றார், என் வீட்டில் என்னை. “பஸ்ல வந்துக்கினு இருந்தேன். பேனரப் பார்த்தேன். அப்படியே எறங்கிட்டேன்.”

“மச்சான், அந்த பேனர்ல... விக்... ஒரு சின்ன...”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எங்கூட மலைக்கு வரணும்னா நேர்ல கேக்கக் கூச்சமா இருந்திருக்கும். அதான் ஊருக்கே போட்டு கேட்டுட்ட. பெரிய மனசு மாப்ள ஒனக்கு. எனக்குதான் இல்லாம போச்சு.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “ஒண்ணாந்தேதி காலையில நானே மாலை போட்டு வுடறேன்.”

“மச்சான், நான் சொன்ன மலை...”

“தனம், இன்னா கொழம்பு?” என்றார் மச்சான்.

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதே இல்லை. மரியாதை. அசல் மரியாதை. சமையலறைக்குப் போகிற வழியில் என் காதோரம், “இதுக்காகத்தான் பேனரா? எங்கிட்டகூட சொல்லல பாருங்க” என்றாள்.

நீங்களாக இருந்தால் அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருப்பீர்களா? சொன்னால் மச்சான் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோவார். இந்தத் தடவை போனால் திரும்பி வரமாட்டார். நான் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு விக்கலை அடக்கினேன்.

கார்த்திகை முதல் தேதி என் கழுத்தில் மாலை விழுந்தது. என் பெண் நிவேதா, பன்னிரண்டாவது படிப்பவள், என்னை ‘நைனா’ என்பதை நிறுத்திவிட்டு ‘சாமி’ என்றாள். “சாமி, ரீசார்ஜ் பண்ணுங்க சாமி” என்று கேட்டால் எப்படி மறுப்பது?

இதில் எனக்கு ஒரு ஆச்சரியம். கோட்டுக்காரர் சொன்ன உத்தி ஒவ்வொன்றும் இந்த விரதத்தில் ஏற்கனவே இருந்தது. தேதியைப் பஞ்சாங்கமே குறித்துவிட்டது. கண்ணில் படுகிற இடம் என்றால் கழுத்திலேயே தொங்குகிறது. பெரிய வேலையை வெட்டச் சொன்னாரே, இங்கே அது விடியற்காலைப் பச்சைத் தண்ணீர்க் குளியலாகவும், செருப்பில்லாத நடையாகவும், இரண்டு வேளைப் பூஜையாகவும் தினத்துக்குத் தினம் வெட்டித்தான் வந்தது. நாலு பேருக்குச் சொல்வதோ, ஊர் முழுக்க எனக்குக் காவல். ஒரு நாள் கோபத்தில், கடை போர்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவனைத் திட்ட வாயைத் திறந்தேன். அவனே, “சாமி, இப்ப திட்டக்கூடாது. வேணும்னா தை மாசம் வந்து வாங்கிக்கிறேன்” என்றான். என் பேன்ட்டெல்லாம் இடுப்பில் நிற்காமல் இறங்க ஆரம்பித்தது. கடையில் இருந்து வீட்டுக்கு வெறுங்காலோடு நடக்கிற நடையில், வருஷக்கணக்காகக் குடியிருந்த மூச்சிரைப்பு காணாமல் போனது. நான் வைக்காத லட்சியத்தை நோக்கி இவ்வளவு ஒழுங்காக நான் போனதே கிடையாது. வைத்த லட்சியமோ தினமும் காலையில் தெருக்கோடியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போனது, கன்னிபூஜை வரைக்கும்.

முதல் தடவை போகிற சாமியின் வீட்டில் பூஜை வைத்து எல்லோருக்கும் சாப்பாடு போட வேண்டும். எங்கள் மாடியில் பந்தல் போட்டார்கள். நூறு பேர் இருப்பார்கள். பஜனை முடிந்தது, பந்தி ஆரம்பித்தது. மச்சான் மைக்கைக் கையில் எடுத்து, “நம்ம கன்னிசாமி ரெண்டு வார்த்தை பேசுவாரு” என்று நீட்டிவிட்டு, பந்தியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மைக்கை வாங்கினேன். எதிரே நூறு கறுப்பு வேட்டி. அதற்குப் பின்னால், மாலை வெயிலில், ராஜகிரி. இத்தனை பேர் என்னை நம்பி வந்து சாப்பிடுகிறார்களே என்று திடீரென்று தோன்றியது. விக்கல் கிளம்பியது. ஸ்பீக்கரில் விக்கல் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியாது. கீழே தெருவில் ஒரு மாடு திரும்பிப் பார்த்தது.

“எல்லாரும் என்னை மன்னிக்கணும்” என்றேன். “நான் ஒரு உண்மைய சொல்லிடறேன். நான் பேனர்ல மலைன்னு போட்டது... விக்... சபரிமலைய இல்ல.”

பந்தியில் எல்லோரும் இலையில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

“இதோ, எதிர்ல நிக்குது பாருங்க, இந்த மலை. இதத்தான் நெனச்சி எழுதினேன். பொறந்ததுல இருந்து கண்ணு முன்னாடி நிக்குது, நான் ஏறிப் பாக்கவே இல்ல. அங்க இருந்து பார்த்தா நான் எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியணும். அவ்ளோதான் என் ஆசை. விக்.”

முடிந்தது என் கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன். இலையைத் தூக்கி வீசும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

“ஆகா!” என்றது ஒரு குரல். மளிகைக்கடைக்காரர். கண் கலங்கியிருந்தது. “கேட்டீங்களா சாமிமாருங்களா! கன்னிசாமி பேச்சக் கேட்டீங்களா! மலை நம்ம கண்ணு முன்னாடியே இருக்குது, நாமதான் ஏறலயாம்! அங்க இருந்து பார்த்தா நாம யாருன்னு தெரியுமாம்! நான் எத்தினி வருஷமா போறேன், எனக்கு இப்படி ஒரு வார்த்தை வந்திருக்குதா?” எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினார். “சாமியே!”

“சரணம் ஐயப்பா!” என்று பந்தல் அதிர்ந்தது. நாலைந்து பேர் வந்து என் காலைத் தொட்டார்கள். அதில் ஒருவர் என் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். கணக்கில் என்னை நாலு தடவை பெயிலாக்கியவர். செல்வியக்கா மட்டும் பாயச வாளியோடு ஓரமாக நின்று, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இதற்கு மேல் உண்மையைச் சொல்ல என்னால் ஆகாது என்று விட்டுவிட்டேன். மார்கழியில் இருமுடி கட்டி, வேன் ஏறி, பம்பையில் குளித்து, நீலிமலை ஏற்றத்துக்கு வந்து சேர்ந்தேன். அந்த ஏற்றத்தில் பொய்யோடு ஏற முடியாது என்று சொல்ல ஆசைதான். நிஜத்தில், மூச்சு விட ஒரு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது, பக்கத்தில் மச்சான் மட்டும் இருந்தார், அவ்வளவுதான்.

“மச்சான்” என்றேன், “பூஜை அன்னிக்கு நான் தத்துவம் பேசல.”

“தெரியும் மாப்ள.”

“நெசமாவே நம்ம ஊரு கோட்டை மலையத்தான் எழுதினேன்.”

“அதான் மைக்குல சொன்னியே. எனக்கு அப்பவே வெளங்கிடுச்சு.”

விக்கல் வரவேண்டிய இடம். ஆச்சரியத்தில் அதுவும் வரவில்லை. “அப்புறம் ஏன் மச்சான் ஒண்ணும் சொல்லாம உக்காந்திருந்தீங்க?”

மச்சான் இருமுடியைத் தலையில் சரி பண்ணினார். “என் தங்கச்சி அன்னிக்கு எனக்கு ரெண்டாந்தரம் சாம்பார் ஊத்திக்கினு இருந்தா. அந்த நேரத்துல எழுந்து ‘எனக்கு வெளங்கிடுச்சு’ன்னு சொல்லச் சொல்றியா? எத்தினி வருஷம் கழிச்சி அவ கையால சாப்பிடறேன். எழுந்துரு சாமி. கால் மரத்துடும்.”

எழுந்தேன். ஏறினேன். தரிசனம் பார்த்தேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொல்லக்கூடாது என்பார்கள், அதனால் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பி மாலை கழற்றிய அன்று, மச்சானே எல்லோர் முன்னாலும் இதைப் போட்டு உடைத்தார். தனம் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. சிரித்து முடித்தபின் என்னைக் கேட்டாள், “அப்ப எனக்காகத்தான் வாய மூடிக்கினு இருந்தீங்களா?”

“பயத்துல மூடிக்கினு இருந்தேன்” என்றேன். விரதம் இருந்த வாய், சட்டென்று பொய் வரவில்லை.

அன்று சாயங்காலம் அந்த வீடியோவை முதலில் இருந்து, விளம்பரத்தோடு சேர்த்துப் பார்த்தேன். நான் தள்ளிவிட்ட முதல் உத்தி என்ன தெரியுமா? ‘உங்கள் இலக்கை யாருக்கும் சந்தேகம் வராதபடி தெளிவாகச் சொல்லுங்கள்.’

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் மொட்டையாக ஒரு ஆசையைச் சொல்லிவிட முடியாது. “நாளையில இருந்து சீக்கிரம் எழுந்துக்கப்போறேன்” என்று நான் சொன்னால், அடுப்படியில் இருந்து கேள்வி வரும்: “எந்த மலை?” அதாவது, எத்தனை மணிக்கு, எதற்கு, யார் எழுப்புவது, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நிவேதா, “நான் நல்லா படிச்சி பெரிய ஆளா வருவேன்” என்றாள். “எந்த மலை?” என்றோம் நானும் அவள் அம்மாவும் மாமாவும் ஒரே குரலில். அவள் ஒரு வாரம் யோசித்துவிட்டு, எந்தப் படிப்பு, எந்த ஊர், தினமும் எந்தப் பாடம் என்று வந்து சொன்னாள். இப்போது புதுச்சேரியில் நர்சிங் படிக்கிறாள். ஹாஸ்டலில் இருந்து போன் பண்ணி, “பணம் கொஞ்சம் வேணும் நைனா” என்றால் நானும் அதே கேள்வியைக் கேட்கிறேன்.

ராஜகிரி உச்சிக்குப் போனேனா என்று கேட்பீர்கள். இல்லை. மேலே இருந்து என் கடை எப்படித் தெரியும் என்பது எனக்கு இன்னும் தெரியாது. கடைக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் லீவு. அன்றைக்கு மச்சான் காலையிலேயே கறி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்.